வார்டில் திருநீறு பூசலாமா? துணைக்கு இருப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

26 வருடம் நர்ஸாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் நோயாளிகளையும் துணைக்கு இருப்பவர்களையும் போய்ப் பார்த்துப் பேசி வருகிறேன். மருந்து மாத்திரையை டாக்டரிடம் கேளுங்கள், மனசு, சாமி, பயம் பற்றி என்னிடம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இவை.

தேவகோட்டையிலிருந்து: அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கிறார். குன்றக்குடி திருநீறும் கொப்புடையம்மன் குங்குமமும் கொண்டுபோனேன். நர்ஸ் விடவில்லை. கோபமாக வருகிறது அக்கா.

வரத்தான் செய்யும் தம்பி. ஆனால் ஆக்சிஜன் மாஸ்க் பக்கத்தில் பொடி பறந்தால் மூச்சோடு உள்ளே போகும். கழுத்தில் குழாய் போட்டிருந்தால் தொற்று பயம் வேறு. அதைத்தான் அந்தப் பெண் பார்த்திருப்பார். அடுத்த முறை கையைக் கழுவிவிட்டு, "நெற்றியில ஒரு கீற்று மட்டும் வைக்கட்டுமா சிஸ்டர்?" என்று கேளுங்கள். ஈர விரலில் தொட்டு வைத்தால் உதிராது. சூடம், ஊதுபத்தி, விளக்கு வேண்டவே வேண்டாம். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் ஒரு பொறி போதும்.

மஞ்சள் துணியில் காசு முடிந்திருந்தால் ஊசி ஏறும் கையில் கட்டாதீர்கள். கை வீங்கினால் இறுகிவிடும். ஒரு அம்மா அந்த முடிச்சைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அந்தக் கையாலேயே மகனின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

காரைக்குடியிலிருந்து: ஐயாவுக்குப் புற்றுநோய். "நான் என்ன பாவம் செஞ்சேன்" என்று தினமும் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

உடனே எதுவும் சொல்லாதீர்கள். "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைத்தாலும் சரி, "எல்லாம் முன்வினை" என்று விளக்கம் சொன்னாலும் சரி, அவர் தனியாகிவிடுவார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏன் அப்படித் தோணுது?" என்று கேளுங்கள்.

ஒரு பெரியவர் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது நாள்தான் விஷயம் வெளியே வந்தது. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து நடந்தவர். ஒரு வருடம் கடைத் தகராறில் போகவில்லை. அந்த வருடமே நோய் தெரிந்தது. முருகன் தண்டித்துவிட்டான் என்றே முடிவு கட்டியிருந்தார். நான் நடையைப் பற்றிக் கேட்டேன். குன்றக்குடியில் தொடங்கி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தார். காலில் கொப்புளம் உடைந்ததைச் சொல்லும்போது போர்வைக்குள் கால்விரல்கள் அசைந்தன. "வழியில யாராவது முடியாம உட்கார்ந்துட்டா என்ன செய்வீங்க?" என்றேன். "விட்டுட்டா போவோம்? கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போவோம்" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் அழுதார். முருகன் மன்னித்துவிட்டான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார்? அன்று ராத்திரி தூங்கினார் என்று மகள் சொன்னார்.

இன்னொன்று. லண்டனில் 1967-ல், கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாக இருந்து பிறகு டாக்டரானவர். உடம்பு வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்ம வேதனை எல்லாம் ஒன்றோடொன்று பின்னியதை 'முழு வலி' என்றார். அதனால் ஐயாவுக்கு வலி மருந்து போதுமானதாக இருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். வலியில் துடிப்பவரிடம் தத்துவம் பேசுவது கொடுமை.

கண்டனூரிலிருந்து: அப்பத்தாவிடம் நோயை மறைத்துவிட்டோம். தப்பா?

பாசத்தில்தான் மறைக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொருவராக வெளியே போய் முகம் கழுவிவிட்டு வருவதை அவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? நோயின் பெயரைப் போட்டு உடைக்க வேண்டாம். "டாக்டர் சொல்றதை நீங்க கேக்கணுமா அப்பத்தா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். "நீங்களே பாருங்க" என்றால் அதையும் மதியுங்கள். கேட்க விரும்பினால் மறைக்காதீர்கள். எந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் பாக்கி, எந்த நகை யாருக்கு, யாரோடு பேசித் தீர்க்க வேண்டும் என்று அவருக்கு வேலை இருக்கும்.

பள்ளத்தூரிலிருந்து: கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்குப் புரை ஏறி, கடைசி நிமிடங்கள் திணறலாகிவிடும். பஞ்சைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றுங்கள். பேரன் பேத்திகள் எல்லோரும் ஒற்றலாம், முறை கெடாது. காதருகில் பேசுங்கள். நினைவு தப்பிய பிறகும் காது கேட்கக்கூடும். கட்டிலைச் சுற்றி நின்று சொத்துப் பேச்சு மட்டும் வேண்டாம்.

காளையார்கோவிலிலிருந்து: பக்கத்து வீட்டு அண்ணன் கத்தோலிக்கர். சாமியாரைக் கூப்பிட்டால் 'முடிஞ்சது' என்று பயப்படுவாரோ?

நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்குக்கு இருந்த 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர் தந்த பயம் அது. 1960-களில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 'நோயில் பூசுதல்' என்கிறார்கள். பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவரும் பெறலாம், மறுபடியும் பெறலாம். அவரிடமே கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். பக்கத்துக் கட்டிலில் முஸ்லிம் பெரியவர் இருந்தால், குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத வருகிறவர்களுக்கு இடம் விட்டு, நம் போன் பாட்டைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள்.

புதுவயலிலிருந்து: மாமியாருக்குத் துணையாக 40 நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். சாமி கும்பிடவே மனசு வரவில்லை. எனக்கு என்ன ஆச்சு அக்கா?

களைத்துப் போயிருக்கிறாய் அம்மா. சாமி மேல் கோபம் என்றால் அந்தக் கோபத்தையே அவரிடம் சொல். வராந்தாவில் பாயில் சுருண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்காருகிறவளுக்குப் பாட்டு நினைவுக்கு வராதது பாவமில்லை. "யாராவது வாங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். "செவ்வாயும் வெள்ளியும் நீங்க இருங்க" என்று கணவரிடமும் நாத்தனாரிடமும் நாள் குறித்துக் கேள். அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, சூடாகச் சாப்பிட்டுத் தூங்கு. விளக்கை வேறு யாராவது ஏற்றட்டும்.