பாடத்திட்டம் எழுதும் ஆசிரியர்களுக்கு: கேள்வி பதில்

பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறைப் பாடத்திட்டக் குழுவின் தலைவராக இருந்தவன் நான். மற்ற கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களுக்கு (போர்டு என்போம்) வெளி வல்லுநராகவும் போய் வருகிறேன். புதிய ரெகுலேஷனுக்காக, அதாவது புதிய பாடத்திட்ட விதிமுறைக்காகப் பாடத்திட்டம் எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருநெல்வேலி, உதவிப் பேராசிரியர்: ஐயா, சங்க இலக்கியம் பற்றிய விருப்பப் பாடம் ஒன்றை முதன்முறையாக எழுதுகிறேன். 3 கிரெடிட். வரைவை இணைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மணிக்கணக்கிலிருந்து தொடங்குங்கள். தலைப்புகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாடத்தின் எடையைச் சொல்வது கிரெடிட். விரிவுரைக்கு வாரம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு கிரெடிட். உங்களுடையது 3 கிரெடிட், 15 வாரம், ஆக 45 மணி. ஐந்து அலகுக்குப் பிரித்தால் அலகுக்கு 9 மணி வரும். இன்டர்னல் தேர்வு, கல்லூரி விழா, விடுமுறை எல்லாம் போக, 45இல் 40 மணி வகுப்பு நடந்தாலே பெரிய விஷயம்.

இப்போது உங்கள் இரண்டாம் அலகைப் பாருங்கள்: "எட்டுத்தொகை, பத்துப்பாட்டு அறிமுகம், குறுந்தொகை, கலித்தொகை, மதுரைக்காஞ்சி." மதுரைக்காஞ்சி மட்டுமே 782 அடி, பத்துப்பாட்டிலேயே நீளமானது. ஒன்பது மணியில் இவ்வளவையும் நடத்தச் சொன்னால் யாராக இருந்தாலும் நோட்ஸ்தான் கொடுப்பார். ஒரு பாட்டைக்கூட முழுதாகப் படிக்காமலே மாணவர் தேர்வு எழுதிவிட்டுப் போவார்.

அதே அலகை இப்படி எழுதலாம்: தொகை நூல்கள் அறிமுகம், 1 மணி. குறுந்தொகை 2, 3, 18, 25, 40, 167 ஆகிய பாடல்கள், 4 மணி. முல்லைப்பாட்டு முழுவதும், 103 அடி, 4 மணி. பாடல் எண்ணைக் கண்டிப்பாகப் போடுங்கள். அது இல்லாவிட்டால் நடத்துபவர் ஒன்றை நடத்துவார், வினாத்தாள் எடுப்பவர் வேறொன்றைக் கேட்பார்.

நூற்பட்டியலில் "குறுந்தொகை, உரையுடன்" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். எந்த உரை? உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பின் மறுபதிப்பா, வேறொருவர் உரையா? எதுவானாலும் உங்கள் நூலகத்தில் நாலைந்து படிகள் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மாணவர் கைக்குக் கிடைக்காத நூலைப் பாட நூலாக வைக்கக் கூடாது.

வேலூர், இயற்பியல்: ஆய்வகத்துக்கு எத்தனை கிரெடிட்?

வாரம் 2 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட்.

தஞ்சாவூர், வரலாறு: கற்றல் விளைவுகளில் (பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்வார் என்ற பட்டியலில்) "புரிந்துகொள்வர்" என்று எழுதினால் திருப்பி அனுப்புகிறார்கள். ஏன்?

புரிந்ததா என்று எந்தத் தேர்விலும் நேராக அளக்க முடியாது. அதனால்தான் திருப்புகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. "சோழர் வரலாற்றைப் புரிந்துகொள்வர்" என்பதற்குப் பதிலாக, "சோழர் காலக் கல்வெட்டு ஒன்றிலிருந்து நில வருவாய் பற்றிய செய்திகளைப் பிரித்தெடுத்து விளக்குவர்" என்று எழுதுங்கள். இதற்கு வினா கேட்கலாம், மதிப்பெண் போடலாம். 1956இல் வந்து 2001இல் திருத்தப்பட்ட, கற்றலை நிலை நிலையாகப் பிரிக்கும் ப்ளூம் வகைப்பாட்டில் ஆறு நிலைகள் உண்டு. ஐந்து விளைவுகளையும் "நினைவுகூர்தல்" நிலையிலேயே வைத்துவிடாதீர்கள். எழுதிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாவை நீங்களே எழுதிப் பாருங்கள். வினா வராவிட்டால் அந்த வரியை எடுத்துவிடலாம்.

ஈரோடு, வணிகவியல்: மாநில மாதிரிப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் வேலை முடிந்ததே?

முடியாது. 2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் அதைக் கொண்டுவந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. கட்டாயமில்லை என்று அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி சொன்னார். உங்கள் மாணவர் யார், உங்களிடம் எந்த ஆசிரியர் என்ன நடத்துவார் என்பதெல்லாம் மாதிரிக்குத் தெரியாது. தன்னாட்சி பெற்றதே நாமாக எழுதுவதற்குத்தான்.

மதுரை, முதுநிலை ஆசிரியர்: இதை ஏற்க மாட்டேன் ஐயா. ஆளாளுக்கு ஒரு பாடத்திட்டம் என்றால், அரசு வேலைக்குப் போகும் மாணவன் "இணையான பட்டம்" என்று சான்று கேட்டு அலைகிறான்.

அவன் அலைவது உண்மை, எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் பட்டத்தின் பெயரில் தொடங்குகிறது. கவர்ச்சியாக இருக்கட்டும் என்று புதுப் பெயர் வைத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956இன் 22ஆம் பிரிவின்படி, அந்தக் குழு குறிப்பிட்ட பட்டங்களைத்தான் வழங்கலாம். பெயரைப் பழையபடி விடுங்கள், முதன்மைப் பாடங்களைப் பல்கலைக்கழகத்தோடு ஒத்துவைத்துக்கொள்ளுங்கள். விருப்பப் பாடங்களில் உங்கள் சுதந்திரத்தைக் காட்டுங்கள்.

அதே மதுரை ஆசிரியர்: சுதந்திரம் என்ற பெயரில் வேறு கல்லூரியின் பாடத்திட்டத்தைத்தானே வெட்டி ஒட்டுகிறார்கள்?

ஆமாம், சில இடங்களில் மற்ற கல்லூரியின் பாடக் குறியீட்டைக்கூட மாற்றாமல் போர்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதைத் தடுக்க வேண்டியது போர்டில் உட்கார்ந்திருக்கும் நாம். கல்விக் குழு நியமிக்கும் இரண்டு வெளி வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் என்று விதி வைத்திருப்பது எதற்கு? வரைவைக் கூட்டத்தன்று காலையில் மேசையில் வைக்காமல் பத்து நாள் முன்பே அவர்களுக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு வந்தால் கேள்வி கேட்பார்கள். சொன்ன திருத்தங்கள் மினிட்ஸில் ஏற வேண்டும்.

சேலம், கணினி அறிவியல்: மேப்பிங் அட்டவணையில் (கற்றல் விளைவு ஒவ்வொன்றும் படிப்பின் குறிக்கோள்களோடு எவ்வளவு பொருந்துகிறது என்று 3, 2, 1 போடுவது) எல்லாவற்றுக்கும் 3 போடலாமா?

கூடாது. எல்லாம் 3 என்றால் யாரும் யோசித்துப் போடவில்லை என்று அர்த்தம்.

கடலூர், விலங்கியல்: மேப்பிங்கில் 3, 2, 1 எப்படிப் போடுவது?

திரும்பவும் மேப்பிங்! அந்த விளைவுக்கு எத்தனை மணி ஒதுக்கினீர்கள், எத்தனை மதிப்பெண் வினா வருகிறது என்று பார்த்துப் போடுங்கள். முதலில் மணிக்கணக்கு.

நாகர்கோவில், ஆங்கிலம்: நிரப்பிய மேப்பிங் மாதிரி ஒன்று அனுப்ப முடியுமா?

அனுப்ப மாட்டேன். இதற்கு மேல் மேப்பிங் கேள்வி வேண்டாம், மேலே இரண்டு பதில் இருக்கின்றன.

கோவை, பொருளியல்: ஒன்றிய அரசின் இணையவழித் தளமான ஸ்வயம் படிப்புகளை எவ்வளவு சேர்க்கலாம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைப்படி, ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்கான மொத்தப் பாடங்களில் 40 விழுக்காடு வரை. அது உச்சவரம்பு மட்டுமே. அந்தப் பருவத்தில் அந்தப் பாடம் நடக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம், விரிவுரையாளர்: இங்கும் கிரெடிட்டுக்கு இதே மணிக்கணக்குத்தானா?

இல்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 கற்றல் மணித்தியாலங்கள். சொந்தப் படிப்பும் ஒப்படையும் (அசைன்மென்ட்) அதில் அடங்கும். எங்கள் மணிக்கணக்கைப் பின்பற்ற வேண்டாம். உங்கள் பல்கலைக்கழகத் தர உறுதிப்பாட்டுப் பிரிவைக் கேளுங்கள்.

விழுப்புரம், கணிதம்: புதிய பாடத்திட்டத்தை இப்போது இரண்டாம் ஆண்டு படிப்பவர்களுக்கும் கொண்டுவரலாமா?

வேண்டாம். எந்தக் கல்வியாண்டு சேர்பவர்களிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். சேர்ந்தபோது இருந்த பாடத்திட்டத்தில்தான் அவர்கள் படித்து முடிக்க வேண்டும். அரியர் வைத்திருப்பவர்களுக்குப் பழைய பாடத்திட்ட வினாத்தாள் எத்தனை ஆண்டு வரை தரப்படும் என்பதையும் இந்தக் கூட்டத்திலேயே முடிவுசெய்து தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.