மாமியார் ரேஷன் கார்டில் எங்கள் பெயர்: கலெக்டரிடம் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: மாமியாரோடு ஒத்துவராமல் 2022-ல் தனிக்குடித்தனம் வந்துவிட்டோம். ரேஷன் கார்டு மாமியார் பெயரில் உள்ள அந்த்யோதயா (மிக ஏழைக் குடும்பங்களுக்கான) அட்டை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று எங்கள் நால்வர் பெயரும் இன்னும் அதில்தான் இருக்கிறது. எங்கள் பங்கு அரிசியையும் அவர்களே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். உரிமைத் தொகை 1000 ரூபாயும் மாமியாருக்கே போகிறது. மாமனார் இறந்து ஒன்றரை வருடமாகியும் பெயரை எடுக்கவில்லை. அதே கார்டில் இருக்கும் கொழுந்தனாருக்கு அரசு வேலை கிடைத்ததையும் சொல்லவில்லை. பெயரை நீக்கித் தரச் சொன்னால் ஏச்சுதான் கிடைக்கிறது. கடையில் கூப்பிட்டார்கள் என்று 2024-ல் நானும் கணவரும் போய்க் கைரேகை வைத்தோம். பொங்கல் பரிசைக்கூட என் கணவர்தான் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தார். பெயரை எடுத்தால் மாமனார் வீட்டில் பங்கு போய்விடுமோ என்றும் அவர் பயப்படுகிறார். கலெக்டரிடம் புகார் கொடுக்கப் போகிறேன். சரிதானே? - வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சரியில்லை.

மாமியார் ஏசியதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான். 2022-ல் அந்த வீட்டை விட்டு வந்த நீங்கள், 2024-ல் அதே வீட்டுக் கார்டுக்குக் கைரேகை வைத்திருக்கிறீர்கள். ‘நானும் இந்தக் குடும்பத்தில் ஒருத்தி’ என்று அரசிடம் சொன்னதாகத்தான் அதற்கு அர்த்தம். மாமியார் எதையெல்லாம் மறைத்தார் என்று பட்டியல் போடுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘எங்கள் பங்கு அரிசி’ என்று ஒன்று கிடையாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆளுக்கு 5 கிலோ என்ற கணக்கு மற்ற முன்னுரிமை அட்டைகளுக்கு. அந்த்யோதயாவுக்குக் கணக்கே அட்டைக்குத்தான், மாதம் 35 கிலோ. உங்கள் நால்வர் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 35. உரிமைத் தொகையும் ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். அவர் இதுவரை வாங்கியதில் உங்களுக்குப் பங்கு கேட்க வழியில்லை.

இனி புகாருக்கு வருவோம். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போவீர்கள். வாசலில் மனு எழுதித் தருபவர் ‘அரசை ஏமாற்றி மோசடி செய்து வருகிறார்’ என்று ஒரு வரி சேர்ப்பார். எல்லா மனுவிலும் சேர்ப்பார், அவருக்கு அது பழக்கம். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். மனு மாவட்ட வழங்கல் அலுவலகம் வழியாக வட்ட வழங்கல் அலுவலரிடம் போகும். அங்கிருந்து ஒருவர் விசாரிக்கக் கிளம்பி முதலில் போவது மாமியார் வீட்டுக்குத்தான். ‘கார்டில் இருக்கிற மற்றவர்கள் எங்கே?’ என்று கேட்பார். மாமியாருக்குப் பதில் ரெடியாக இருக்கும்: ‘என் மகன்தானே பொங்கலுக்குக் கைரேகை வைத்து வாங்கி வந்தான்?’ கடையில் இருக்கும் மெஷினில் எந்தத் தேதியில் யார் விரல் வைத்தார்கள் என்பது பதிவாகியிருக்கும். அடுத்த நோட்டீஸ் உங்கள் கணவருக்கு. 2022 முதல் தனியாக இருக்கிறோம் என்பது உங்கள் மனுவிலேயே இருப்பதால், நீங்கள் மறுக்கவும் முடியாது.

என்னிடம் வரும் ரேஷன் தகராறுகளில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். அண்ணன்மேல் தம்பி புகார் கொடுப்பார், விசாரணையில் இருவரும் சேர்ந்து மாட்டுவார்கள். சட்டத்தில் பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. ஏமாற்றுதலுக்குப் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு, இது போக அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். வழக்குவரை போவது குறைவு, பெரும்பாலும் வாங்கிய பொருளின் மதிப்பைக் கட்டச் சொல்வதோடு முடியும். ஆனால் கணவரின் வாக்குமூலம் கோப்பில் ஏறிவிடும். அது ஏறிய பிறகு உங்கள் புதுக் கார்டு விண்ணப்பம் அதே அலுவலர் மேசைக்குப் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். புகாரால் உறுதியாக நடக்கக்கூடியது, கணவனை இழந்த ஒரு வயதான பெண்ணின் 35 கிலோ நிற்பதுதான். உங்களுக்கு ஒரு கிலோகூட அதிகமாகக் கிடைக்காது.

ஆகவே சமாதானமாகப் போங்கள். நீங்கள் போக வேண்டாம், கணவரை அனுப்புங்கள். ஆன்லைனில் பெயர் நீக்க, கார்டில் பதிவான செல்போனுக்கு ஓடிபி வரும். அந்த போன் மாமியாரிடம் இருக்கிறது. உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த ஆறு, ஏழு எண்களில்தான் இருக்கிறது. மாமனாரின் இறப்புச் சான்றிதழை வைத்து அவர் பெயரையும் நீக்கித் தருவதாகக் கணவர் சொல்லட்டும். கொழுந்தனாரும் வேலை விஷயத்தைத் தானே தெரிவிப்பது அந்தக் குடும்பத்துக்கு நல்லது. இதை அம்மாவிடம் மகன் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும். ‘இல்லாவிட்டால் கலெக்டரிடம் போவேன்’ என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பாதீர்கள். அது நாளைக்கு உங்களுக்கு எதிராக வரும்.

எவ்வளவு சொல்லியும் அவர் இறங்கி வரவில்லையா? மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். எங்கள் நால்வர் பெயரையும் நீக்கித் தாருங்கள் என்று ஆதார் நகலோடு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மாமனார், கொழுந்தனார், உரிமைத் தொகை எதுவும் அதில் வரக்கூடாது. எப்போதிலிருந்து தனியாக இருக்கிறீர்கள் என்று கேட்டால் 2022 என்றே சொல்லுங்கள். போன மாதத் தேதியில் புது வாடகை ஒப்பந்தம் தயாரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்றைக்கு உங்களிடம் இருப்பது சொல்லாமல் விட்ட தவறு. அதைப் போலி ஆவணமாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, பெயர் நீங்கிய நாளுக்கும் புதுக் கார்டு வரும் நாளுக்கும் நடுவே நீங்கள் எந்தக் கார்டிலும் இருக்க மாட்டீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டைதான் அடிப்படை. வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை, பிரசவம் என்று நாள் குறித்திருந்தால் அதை முடித்துவிட்டு நீக்குங்கள். அப்புறம் கேஸ் இணைப்பு. கணவர் பெயரில் உள்ள கேஸ் புத்தகம் மாமியார் வீட்டு முகவரியில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். புதுக் கார்டு விண்ணப்பத்தில் கேஸ் விவரம் கேட்பார்கள், வீடு பார்க்க வருபவர் அடுப்படியைத்தான் முதலில் பார்ப்பார். புதிய அட்டை அந்த்யோதயாவாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாதாரண அரிசி அட்டை வந்தாலும் தமிழ்நாட்டில் அரிசி இலவசம்தான்.

பெயரை எடுத்தால் மாமனார் வீட்டில் பங்கு போய்விடும் என்று கணவர் பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போகாது. ரேஷன் கார்டு வாரிசைத் தீர்மானிப்பதில்லை. மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகன் மகன்தான், எந்தக் கார்டில் இருந்தாலும்.