97 காட்டினால் நல்லதுதானே?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71, சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்கிறது. வீட்டு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் 1 லிட்டர் வைத்து, ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்றார் டாக்டர். 3 லிட்டர் வைத்தால் 97 காட்டுகிறது. ஆனால் பகலிலும் தூங்கி வழிகிறார். கூட்டியே வைக்கலாமா?
- பெரம்பூர் வாசகி, சென்னை

பதில்: வேண்டாம் அம்மா. இப்போதே டாக்டர் சொன்ன அளவுக்குக் குறைத்துவிட்டு, இன்றே அவரிடம் பேசுங்கள். அந்தத் தூக்கம்தான் எனக்குக் கவலை.

உடம்பில் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக்குழாய்கள் விரியும். நுரையீரலில் தலைகீழ். எந்தக் காற்றறையில் ஆக்சிஜன் குறைகிறதோ, அங்கே போகும் குழாய் சில நொடிகளிலேயே சுருங்க ஆரம்பிக்கும். 1946-ல் ஸ்வீடனின் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து, நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுவதைக் காட்டினார்கள். (பின்னாளில் நோபல் வாங்கிய அதே வான் ஆய்லர்தான், பரிசு வேறு ஆராய்ச்சிக்கு.) காற்று வராத இடத்துக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? நல்ல பகுதிக்குத் திருப்பிவிடுகிறது நுரையீரல்.

அப்பா இத்தனை காலம் சமாளித்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் ஆக்சிஜனைக் கூட்டியதும், காற்றோட்டம் சரியில்லாத அறைகளிலும் அது சேர்ந்து, சுருங்கியிருந்த குழாய்கள் திறந்துகொள்கின்றன. நல்ல பகுதிக்குப் போகவேண்டிய ரத்தம் அங்கே போகிறது. அதிலுள்ள கரியமில வாயு வெளியேற அங்கே வழி போதாது. அதோடு, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள கரியமில வாயுவையும் இறக்கிவிடும். மூச்சு கொஞ்சம் மந்தமாவதும் உண்டு. ஆனால் கரியமில வாயு சேர அது மட்டுமே காரணம் என்று இன்றும் சிலர் சொல்வது சரியல்ல.

கரியமில வாயு ஏற ஏற, காலைத் தலைவலி, தூக்கம், குழப்பம், கை உதறல் எல்லாம் வரும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இதைக் காட்டவே காட்டாது. மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஏ.பி.ஜி. பரிசோதனைதான் சொல்லும், அதை எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அதற்காகப் பயந்து மெஷினை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். ஆக்சிஜன் முன்பிருந்ததைவிடக் கீழே சரியலாம். 88-க்குக் கீழே நாள்கணக்கில் கிடப்பதும் ஆபத்துதான். நுரையீரல் முழுக்கக் குழாய்கள் சுருங்கினால் இதயத்தின் வலப்பக்கம் திணறும். அப்புறம், இந்த 88–92 கணக்கு அப்பா மாதிரி நோயாளிகளுக்குத்தான். நிமோனியாவில் படுத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்தாது.

எழுப்பினாலும் சரியாகப் பேசவில்லை என்றால் உடனே 108. ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் முதலிலேயே "சி.ஓ.பி.டி., 88–92 போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள்.