பழைய நியூமன் யு47 வாங்குவதா, இன்றைய நகலை வாங்குவதா?

வீட்டில் ஒரு சின்ன ஸ்டுடியோ, பெரும்பாலும் பாட்டுக் குரல்தான் பதிவு செய்கிறீர்கள். ஜெர்மனியின் நியூமன் கம்பெனி 1950-களில் செய்த யு47 மைக்கை வெளிநாட்டில் ஒருவர் விற்கிறார். கடன் வாங்கியாவது அதை எடுக்கலாமா, இல்லை இப்போது வரும் நகல்களில் ஒன்றே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல நகலை வாங்குங்கள். குரல் பதிவுதான் என் தொழில். பழைய மைக்குகள் மேல் எனக்கு அளவில்லாத பிரியம் உண்டு, அப்படியிருந்தும் இதைத்தான் சொல்வேன்.

‘அசல் யு47-இன் ஒலி’ என்று இன்று ஒரே ஒரு ஒலி கிடையாது. பெர்லினில் 1949-ல் அது வெளிவந்தபோது இருந்தது. இப்போது மிஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் தனித்தனி மைக். ஏன் என்று புரிய அதன் உள்ளே இருக்கும் இரண்டு பொருள்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது எம்7 கேப்சூல், அதாவது ஒலியை வாங்கி மின் அலையாக்கும் பாகம். நியூமன் இதை 1930-களிலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். பி.வி.சி.யில் செய்த மெல்லிய சவ்வு, அதன்மேல் தங்கப் பூச்சு. அந்தச் சவ்வு கொடுத்த ஒலிதான் யு47-க்குப் பேர் வாங்கித் தந்தது: குரலின் நடுப்பகுதி முன்னால் வந்து நிற்கும், மேல்ஸ்தாயி உறுத்தாது. ஆனால் பி.வி.சி. வயதாக ஆகக் காய்ந்து விறைக்கும், சுருங்கும், தங்கமும் உதிரும். சவ்வின் இழுவிசை மாறினால் ஒலியும் மாறும். பின்னாளில் நியூமன் மைலார் என்ற வேறு பிளாஸ்டிக்கில் சவ்வு போட்ட கே47 கேப்சூலுக்கு மாறினார்கள். அது நீண்ட காலம் உழைக்கும், ஆனால் எம்7 போலவே ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. பழைய யு47 பலவற்றில் எம்7-ஐக் கழற்றிவிட்டு கே47 போட்டிருப்பார்கள், அல்லது யாரோ ஒருவர் புதுச் சவ்வு ஒட்டிக் கொடுத்திருப்பார். ஒட்டியவரின் கைத்திறன் எப்படியோ அப்படித்தான் மைக்கும்.

இரண்டாவது வி.எஃப்.14 வால்வு, கேப்சூலிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பாகம். டெலிஃபங்கன் கம்பெனி ரேடியோவுக்காகச் செய்த வால்வு இது. கண்ணாடிக் குழாய் கிடையாது, வெளியே இரும்பு உறை. இதன் ஹீட்டருக்கு முறைப்படி 55 வோல்ட் வேண்டும். நியூமன் பொறியாளர்கள் வேண்டுமென்றே சுமார் 36 வோல்ட்டில் ஓட்டினார்கள். இரைச்சல் குறைந்தது, வால்வின் ஆயுளும் கூடியது. அதற்கான மின்சாரத்தையும் தனியாகக் கொடுக்காமல், வால்வின் மற்ற வேலைக்கு வரும் அதே 105 வோல்ட்டிலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக எடுத்துக்கொண்டார்கள். அத்தனை அழகான, சிக்கனமான வடிவமைப்பு! ஆனால் மைக் முழுக்க முழுக்க அந்த ஒரு வால்வை நம்பி நின்றது. வந்த வால்வுகளில் இரைச்சல் குறைந்தவற்றை மட்டும் பொறுக்கி ‘எம்’ முத்திரை குத்தி மைக்குக்கு ஒதுக்கினார்கள். 1950-களின் கடைசியில் வி.எஃப்.14 உற்பத்தியே நின்றுபோனது. கையிருப்பு தீரத் தீர, மாற்றாக நுவிஸ்டர் என்ற சின்ன உலோக வால்வைப் பொருத்திக் கொடுத்தார்கள். அப்படி மாற்றிய மைக்குகளும் இன்று ‘அசல் யு47’ என்ற பெயரில்தான் விலைக்கு வருகின்றன.

லண்டனில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு யு47-ஐ அடுத்தடுத்து நிறுத்தி ஒரே பாடகியைப் பதிவு செய்யும் வாய்ப்பு கிடைத்தது. ஒன்றில் பழைய எம்7, இன்னொன்றில் மாற்றிய கேப்சூல். பக்கத்தில் நடுத்தர விலையில் ஒரு நகல். நான் எதிர்பார்த்தது இரண்டு அசலும் ஒரு பக்கம், நகல் மறுபக்கம் என்று. கேட்டது வேறு. இரண்டு அசலுக்கும் நடுவே இருந்த வித்தியாசம், நகலுக்கும் கேப்சூல் மாற்றிய அசலுக்கும் இருந்த வித்தியாசத்தை விடப் பெரியது. எம்7 இருந்த மைக் அற்புதம், அதை மறுக்கவே மாட்டேன். பாடகி மெதுவாகப் பாடிய இடங்களில் வார்த்தை அப்படியே காதோடு வந்து பேசியது. ஆனால் நீங்கள் வாங்கப்போவது அந்த மைக் அல்லவே. எங்கோ இருக்கும், நீங்கள் கேட்டறியாத ஒன்றைத்தான் வாங்கப்போகிறீர்கள். நல்ல நிலையில் உள்ள யு47 பத்தாயிரம் டாலருக்கு மேல் போகும். அதற்கு மேல் சுங்க வரி. அதன் பிறகு அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரை நம் ஊரில் தேட வேண்டும்.

அமெரிக்கப் பாடகர் சினாட்ரா காபிடல் கம்பெனிக்காகப் பாடியதும், லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் குரல்கள் பதிவானதும் யு47, அதன் இன்னொரு வடிவமான யு48 மைக்குகளில்தான். அந்தப் பதிவுகளைக் கேட்டுத்தான் பலருக்கும் இந்த மைக் மேல் ஆசையே வருகிறது, எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் அபே ரோடில் மைக்கை அடுத்து வால்வு மிக்ஸர் இருந்தது, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஃபேர்சைல்ட் 660 கம்ப்ரஸர் இருந்தது, டேப் இருந்தது, தனியாக எதிரொலி அறை இருந்தது. மைக்கை மட்டும் வாங்கி வந்து அந்த ஒலியைத் தேடினால் அசலிலும் கிடைக்காது.

சரி, நகல்கள். எல்லா நகலும் ஒன்றல்ல, இங்கேதான் கவனம் வேண்டும்.

மிக மலிவாக வரும் பல மைக்குகள் உடம்பை மட்டும் யு47 போலச் செய்துவிட்டு உள்ளே கே67 பாணிக் கேப்சூலை வைத்திருக்கும். கே67 என்பது 1960-ல் வந்த யு67-க்காகச் செய்தது. அந்தக் கேப்சூலே மேல்ஸ்தாயியைத் தூக்கித்தான் கொடுக்கும். தூக்கியதை மைக்கின் உள்ளே இருக்கும் சர்க்யூட் திரும்ப இறக்கிச் சமன் செய்யும், இரைச்சல் குறைய அது ஒரு வழி. கேப்சூலும் சர்க்யூட்டும் ஜோடி. மலிவு மைக்குகளில் தூக்குகிற கேப்சூல் இருக்கும், இறக்குகிற சர்க்யூட் இருக்காது. அதனால்தான் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் சீறும். தமிழ்ப் பாட்டில் ஒரு ‘சிரிக்க’ வந்தால் போதும், சீறலைக் குறைக்கும் டி-எஸ்ஸரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆகவே வாங்கும் முன் முதலில் கேட்க வேண்டியது: கேப்சூல் 47 வகையா, 67 வகையா?

அடுத்த படியில் வார்ம் ஆடியோவின் டபிள்யூ.ஏ.47 போன்றவை, ஏறக்குறைய ஆயிரம் டாலர். கேப்சூல் கே47 பாணி. வால்வு வி.எஃப்.14 அல்ல, இன்றைக்கும் கடையில் கிடைக்கும் 5751. பழைய பி.வி.8 டிரான்ஸ்ஃபார்மரைப் பின்பற்றிச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். உங்கள் வேலைக்கு நான் கை காட்டுவது இந்த ரகத்தைத்தான். வால்வு போனால் புதிதாக வாங்கி நீங்களே செருகிக்கொள்ளலாம். அந்த நிம்மதிக்கு விலை போட முடியாது.

இதற்கும் மேலே ஸ்லோவாகியாவின் ஃப்ளீ, அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இருக்கும் டெலிஃபங்கன் எலெக்ட்ரோஅகூஸ்டிக் போன்றவர்கள் அசலுக்கு மிக நெருக்கமாகச் செய்கிறார்கள். இந்த டெலிஃபங்கன் பழைய ஜெர்மன் கம்பெனி அல்ல, பெயரை எடுத்துக்கொண்டு 2001-ல் தொடங்கியது. வேலை தரமானது, விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

‘எனக்கு நியூமன் முத்திரைதான் வேண்டும்’ என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நியூமனே 2018-ல் யு67-ஐ மறுபடி வெளியிட்டார்கள், 2022-ல் தங்களின் இன்னொரு பழைய வால்வு மைக்கான எம்49-ஐயும். யு67-க்குத் தேவையான இ.எஃப்.86 வால்வைத் தேடிப் பொறுக்க முடிந்தது, கே67 கேப்சூல் உற்பத்தியும் நிற்கவே இல்லை. அதனால் அது நகல் என்று சொல்ல எனக்கு மனம் வராது, அதே மைக் மறுபடி வந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் ஸ்டுடியோக்காரர்கள் நன்றாக அறிந்த யு87-இல் நிலைமை வேறு. 1967-ல் வந்த யு87-உம் இப்போது விற்கும் யு87 ஏஐ-யும் ஒன்றல்ல. ஏஐ-யில் கேப்சூலுக்குப் போகும் மின்னழுத்தம் அதிகம், அதனால் அவுட்புட்டும் அதிகம். சிலருக்குப் பழையதன் மென்மைதான் பிடிக்கும், நானும் அந்தக் கட்சி.

சவ்வுக்குப் பதில் மெல்லிய உலோக நாடா ஒலியை வாங்கும் ரிப்பன் மைக்கில் இந்தக் குழப்பமே குறைவு. ஆர்.சி.ஏ.44 என்ற பழைய ரிப்பன் மைக்கை அமெரிக்காவின் ஏ.இ.ஏ. கம்பெனி ஆர்44 என்று பாகம் பாகமாக அப்படியே செய்கிறது, ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தும். உள்ளே இருக்கும் அலுமினிய ரிப்பன் எப்படியும் அவ்வப்போது மாற்ற வேண்டிய பொருள். அங்கே நான் யோசிக்காமல் புதியதை வாங்குவேன்.

இன்னொன்று, சென்னை மாதிரி கடலோர ஊரில் இருப்பவர்களுக்காக. யு47 போன்ற கண்டென்சர் மைக்குக்கு ஈரம் பெரிய எதிரி. கேப்சூலையும் வால்வையும் இணைக்கும் இடத்தில் மின்தடை மிக மிக அதிகம், கொஞ்சம் ஈரம் படிந்தாலே படபடவென்று சத்தம் வரும். ஏ.சி. அறையில் குளிர்ந்த மைக்கை வெளியே கொண்டுவந்தால் அதன்மேல் ஈரம் பூக்கும். வயதான, பூச்சு உதிர்ந்த கேப்சூலுக்கு இது இன்னும் கடினம். வேலை முடிந்ததும் சிலிகா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். பாடுபவர் எச்சில் படாமல் பாப் ஃபில்டர் கட்டாயம். நகலுக்கும் இதே கவனிப்புதான், ஆனால் நகலின் கேப்சூல் கெட்டால் மாற்றிவிடலாம்.

அசலை வாங்குவது எப்போது சரி? வாடிக்கையாளர்கள் அந்த மைக்கைத் தேடியே வரும் ஸ்டுடியோ உங்களுடையதாக இருந்து, அந்தக் குறிப்பிட்ட மைக்கை நேரில் போய்க் கேட்டுப் பிடித்திருந்து, பழுது பார்க்க நம்பகமான ஆள் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். நன்றாக வைத்துக்கொண்டால் அதன் விலை இறங்காது என்பதும் உண்மை.

உங்களிடம் விற்க வந்தவரிடம் இவற்றைக் கேளுங்கள்: உள்ளே இருப்பது வி.எஃப்.14-ஆ, நுவிஸ்டரா, வேறு வால்வா? கேப்சூல் எம்7-ஆ, கே47-ஆ, சவ்வு மாற்றியதா, மாற்றியவர் யார்? டிரான்ஸ்ஃபார்மரும் பவர் சப்ளையும் பழையவையா? தலைப்பகுதியைத் திறந்து கேப்சூலையும் வால்வையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அரைமணி நேரம் சூடான பிறகு, யாரும் பேசாமல் கெயினை ஏற்றி வைத்து ஒரு பதிவு. அடுத்து முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே ஆள் பேசி, இரண்டு பேட்டர்னிலும் (எந்தத் திசை ஒலியை வாங்குவது என்ற மைக்கின் தேர்வு) ஒரு பதிவு. இதையெல்லாம் அனுப்பத் தயங்குகிறவரிடம் அந்த மைக்கை வாங்க வேண்டாம். வால்வும் கேப்சூலும் மாற்றப்பட்டவை என்று தெரிந்தால், அந்த விலைக்கு வாங்கவே வேண்டாம்.