காயப்பட்ட மூளையில் முன்னோடிச் செல்கள் என்ன செய்கின்றன? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தலைக்காயத்தைப் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில், பிரிந்து வேறு வகைச் செல்லாக முதிரக்கூடிய, மூளையின் முன்னோடிச் செல்கள் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீளமாக வந்த சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். இப்பதில்களை வைத்துக்கொண்டு யாரும் மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

பிறந்த பிறகு மூளைச் செல்கள் பிரிவதில்லை என்று படித்திருக்கிறோம். அப்படியானால் வளர்ந்தவர் மூளையில் முன்னோடிச் செல்கள் எப்படி இருக்க முடியும்? (முதுகலை மாணவி, காரைக்குடி)

நீங்கள் படித்தது நியூரான்களுக்குப் பெருமளவு பொருந்தும், நியூரான்களுக்குத் துணை நிற்கும் நியூரோகிளியாச் செல்களுக்குப் பொருந்தாது. வளர்ந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள செல்களில் சுமார் 5 விழுக்காடு, நரம்பிழைகளுக்கு மையலின் என்னும் கொழுப்பு உறையைப் போர்த்தும் ஒலிகோடென்ட்ரோசைட் செல்லாக மாறக்கூடிய முன்னோடிச் செல்களே. மார்ட்டின் ராஃபும் அவருடைய சகாக்களும் 1983-ல் எலியின் பார்வை நரம்பிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்து, வளர்ப்பு ஊடகத்தைப் பொறுத்து இவை ஒலிகோடென்ட்ரோசைட்டாகவோ நட்சத்திர வடிவத் துணைச் செல்லான அஸ்ட்ரோசைட்டாகவோ மாறுவதைக் காட்டினார்கள். உயிருள்ள மூளையில் இவை பெரும்பாலும் முதல் வழியிலேயே செல்கின்றன.

இவை பரவியிருக்கும் ஒழுங்கு வியப்பானது. முகப்பில் பதித்த ஆத்தங்குடிக் கற்களைப் போல ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தை வைத்துக்கொண்டு, பக்கத்துச் செல்லின் எல்லைக்குள் நீட்சியை விடாமல் நிற்கிறது. பெயர்ந்த கல்லின் இடம் கொத்தனார் வரும்வரை காலியாகக் கிடக்கும். இங்கே ஒரு செல் இறந்தாலோ முதிர்ந்து ஒலிகோடென்ட்ரோசைட்டாக மாறிவிட்டாலோ பக்கத்துச் செல் பிரிந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. உயிருள்ள சுண்டெலியின் மூளைப் புறணியைப் பல நாட்கள் தொடர்ந்து நுண்ணோக்கியில் படம்பிடித்து 2013-ல் இதை உறுதிசெய்தார்கள்.

மனிதருக்கு வேகம் மிகவும் குறைவு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 நம் செல்களின் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும் அளவைக் கொண்டு 2014-ல் கணக்கிட்டபோது, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தில் ஆண்டுக்குச் சுமார் 0.3 விழுக்காடு ஒலிகோடென்ட்ரோசைட்டுகளே புதிதாக வருவது தெரிந்தது. கீழே நான் சொல்லும் நாள் கணக்குகள் எல்லாம் எலிகளிடம் கண்டவை என்பதை இதனோடு சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பச்சி மூன்று மாதத்துக்கு முன் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தார்கள். ஸ்கேனில் இருந்த சிறு ரத்தக்கசிவு கரைந்துவிட்டது. ஆனால் பேரேட்டை ஒரே மூச்சில் கூட்டிவிடுகிறவர்கள், இப்போது பாதியில் நின்று, விரலை வைத்துக்கொண்டு மறுபடி மேலிருந்து தொடங்குகிறார்கள். "நரம்பின் உறை மெதுவாகத்தான் சரியாகும்" என்றார் மருத்துவர். உள்ளே என்ன நடக்கிறது? (தேவகோட்டை)

பேரேட்டைக் கூட்டத் தெரியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. நடுவில் அறுந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேறுபாடு முக்கியமானது. விழும்போது தலை சட்டென்று சுழல்வதால் மூளையின் உட்பகுதியான வெண்பொருளில் உள்ள ஆக்சான்கள் (நியூரான்களின் நீண்ட இழைகள்) இழுபடுகின்றன, அவற்றைப் போர்த்திய மையலினும் சிதைகிறது. சி.டி. ஸ்கேனில் ரத்தம் தெரியும். இந்த இழுபாடு பெரும்பாலும் தெரியாது. மையலின் உறையுள்ள தடித்த ஆக்சானில் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் ஓடும் செய்தி, உறை போனால் தடுமாறுகிறது, சில இடங்களில் நின்றே விடுகிறது. இதனால் அறிவு இருந்தும் வேகமும் கவனமும் குறைகின்றன.

இனி காலவரிசையைப் பார்ப்போம். காயம்பட்ட சில நிமிடங்களிலேயே மூளையின் காவல் செல்லான மைக்ரோகிளியா தன் நீட்சிகளைக் காயத்தை நோக்கி நீட்டத் தொடங்கிவிடுகிறது. முன்னோடிச் செல்கள் அடுத்த ஓரிரு நாட்களில் விழித்துக்கொள்கின்றன. இரண்டாம் நாளில் காயத்தின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால், அதுவரை எல்லாப் பக்கமும் சமமாக நீட்சிகளை விரித்திருந்த செல்கள் உடல் பருத்து, நீட்சிகளைக் காயத்தின் பக்கமாகவே திருப்பி வைத்திருப்பதைக் காணலாம். சில செல்கள் நகர்கின்றன, சில இருந்த இடத்திலேயே பிரிகின்றன, சில இரண்டையும் செய்கின்றன. நான்காம் நாள் வாக்கில் கூட்டம் உச்சத்தை அடைகிறது. முன்பு சொன்ன எல்லைக் கட்டுப்பாடு அப்போது தளர்ந்து, செல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நான்கு வாரங்களுக்குள் எண்ணிக்கை ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பி, இடைவெளியும் மறுபடி உண்டாகிறது.

இந்த முதல் அலை எவ்வளவு விரைவாக வருகிறதோ, அதன் பின்னால் வரும் முதிர்ச்சி அவ்வளவு மெதுவாக நடக்கிறது. வந்து சேர்ந்த செல் சிதைந்த பழைய மையலின் குப்பை அகன்ற பிறகே நன்றாக முதிர முடியும். முதிர்ந்து, வெறுமையான ஆக்சானைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றிப் பல அடுக்குகளாக உறை போர்த்த வேண்டும். வாரக்கணக்கில் நீளும் இந்த வேலையில் பல செல்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. போர்த்தப்படும் புதிய உறையும் பழையதைவிட மெலிந்ததாகவும் துண்டு துண்டாகக் குட்டையாகவும் இருக்கும். இருந்தாலும் அதன் பயன் பெரிது: செய்தி மறுபடி ஓடுகிறது, ஒலிகோடென்ட்ரோசைட் ஆக்சானுக்கு ஊட்டும் லாக்டேட் போன்ற எரிபொருளும் மீண்டும் கிடைக்கிறது. ஆகவே மருத்துவர் சொன்னது சரி. உறையைத் தவிர, அறுந்த ஆக்சான்களும் மூளை வேறு வழிகளைப் பழகிக்கொள்வதும் இந்த மீட்சியில் சேரும் என்பதை மட்டும் நான் கூட்டிச் சொல்வேன். மூன்று மாதம் என்பது இன்னும் முன்னேற்றத்தை எதிர்பார்க்கக்கூடிய காலமே. அப்பச்சி பேரேட்டை விட்டுவிட வேண்டாம். காலையில் சிறிது நேரம், களைப்பு வருமுன் நிறுத்திவிடும் அளவுக்குப் பார்க்கட்டும். மறதி கூடினாலோ, தலைவலியோ நடையில் தள்ளாட்டமோ புதிதாக வந்தாலோ மட்டும் தாமதிக்காமல் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் சேர்வது உண்டு.

காயத்தில் உண்டாகும் தழும்புதான் குணமாவதைத் தடுக்கிறதா? (ஆசிரியர், பள்ளத்தூர்)

பாதி உண்மை. தழும்பில் அஸ்ட்ரோசைட்டுகளோடு முன்னோடிச் செல்களும் சேர்ந்திருக்கின்றன. அவை தம் மேற்பரப்பில் தாங்கியிருக்கும் என்ஜி2 போன்ற புரோட்டியோகிளைக்கான்கள் (சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரதங்கள்) ஆக்சான் வளர்வதற்குத் தடையாக இருக்கக்கூடியவை. ஆனால் தழும்பை உண்டாக்கும் அஸ்ட்ரோசைட்டுகளை எலிகளில் அகற்றிப் பார்த்தபோது அழற்சி சுற்றிலும் பரவி, காயம் பெரிதானது. முன்னோடிச் செல்களின் நோக்கில் பார்த்தால், தழும்பைவிடக் கசிந்த ரத்தம் பெரிய இடைஞ்சல். ரத்தத்திலிருந்து வரும், ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் இச்செல்கள் முதிர்வதைத் தடுப்பதை 2017-ல் கண்டறிந்தார்கள். காயமுற்ற திசுவில் சேரும் ஹயலுரோனான் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியும் அதையே செய்கிறது.

குறைமாதத்தில், 30 வாரத்தில் பிறந்த பேரனுக்கு "வெண்பொருளில் பாதிப்பு" என்று எழுதியிருக்கிறார்கள். இதுவும் அதே செல்களா? (புதுவயல்)

ஆம். 23 முதல் 32 வாரம் வரை வெண்பொருளில் நிறைந்திருப்பவை முதிர்ச்சியடையாத இந்த வகைச் செல்களே. ஆக்சிஜன் குறைவையும் தொற்றின் அழற்சியையும் அவை தாங்குவதில்லை. இறந்தவற்றுக்கு ஈடாகப் புதியவை வந்தாலும் முதிராமல் தேங்கிவிடுகின்றன. குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டே இருப்பதால், ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்து எதிர்காலத்தைக் கணிக்காமல், இயன்முறைப் பயிற்சியையும் வளர்ச்சிப் பரிசோதனைகளையும் தவறாமல் தொடருங்கள்.

ஆயாவுக்கு 78 வயது. வீட்டு வளவில் வழுக்கி விழுந்து தலையில் அடி. வயதானவர்களுக்கு இந்தச் செல்கள் வேலை செய்யுமா? ஒவ்வாமை மாத்திரை ஒன்று மையலினை வளர்க்கும் என்று படித்தேன். (கானாடுகாத்தான்)

வயதானாலும் செல்கள் இருக்கின்றன. முதிரும் திறன்தான் குறைகிறது. அதற்குக் காரணம் செல்லில் மட்டும் இல்லை என்பதை 2012-ல் ஓர் அரிய சோதனை காட்டியது. கிழட்டுச் சுண்டெலியின் ரத்த ஓட்டத்தை இளம் சுண்டெலியோடு இணைத்தபோது, இளம் எலியின் மேக்ரோஃபேஜ்கள் (கழிவை விழுங்கும் செல்கள்) வந்து மையலின் குப்பையை அகற்ற, கிழட்டுச் செல்களும் முதிர்ந்து உறை போர்த்தின. மூளைத் திசு வயதோடு விறைப்பாவதும் இச்செல்களை முடக்குகிறது என்று 2019-ல் தெரிந்தது.

நீங்கள் படித்த மாத்திரை கிளெமாஸ்டீனாக இருக்க வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மையலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயால் பார்வை நரம்பு பழுதான 50 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி சேரும் நேரம் சராசரியாக 1.7 மில்லி நொடி குறைந்திருந்தது. ஆய்வாளருக்கு அது நல்ல செய்தி. ஆனால் அது தலைக்காயத்தில் நடந்த ஆய்வு அல்ல. தூக்கக் கலக்கமும் குழப்பமும் தரக்கூடிய அம்மாத்திரையை, ஏற்கெனவே ஒருமுறை விழுந்த ஆயாவுக்குக் கொடுப்பது இன்னொரு முறை விழ வழிசெய்வதாகும். வளவில் கைப்பிடி பொருத்துவதும், மழை நாளில் முற்றத்து ஓரத்தில் வழுக்காத விரிப்புப் போடுவதும் இப்போதைக்கு அதைவிட நல்ல மருந்து.

முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் இந்தச் செல்கள் பெருகும் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அண்ணன் வீட்டை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். (காரைக்குடி)

வைக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். முன்னோடிச் செல்கள் போதாமல் மூளை தவிப்பது அரிது. மேலே பார்த்ததுபோல் அவை தாமாகவே பெருகி வந்து நிற்கின்றன, முதிர முடியாமல்தான் தேங்குகின்றன. வெளியிலிருந்து செலுத்தும் செல்லும் அதே ஃபைப்ரினோஜனையும் ஹயலுரோனானையும் அதே அழற்சியையும் சந்திக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றத்தைத் தவிர மற்றவற்றை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுகளில் மட்டுமே செய்யலாம். அந்த மையத்தில் ஆய்வின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே கட்டணமும் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். அந்தத் தொகையில் ஒரு சிறு பகுதியை வைத்தே இயன்முறைப் பயிற்சியாளரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் பல மாதங்கள் வீட்டுக்கே வரவழைக்க முடியும்.