மதியம் மட்டும் இரையும் கணினி

வணக்கம். காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) உள்ள கணினி காலையில் அமைதியாக இருக்கிறது, மதியம் இரைகிறது, ரீங்காரம் மட்டும் எந்நேரமும் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இவை இரண்டு வேறு சத்தங்கள். தனித்தனியாகத்தான் பிடிக்க வேண்டும்.

இரைச்சல் விசிறியுடையது. சூடு ஏறினால் அது வேகமெடுக்கிறது. கணினியை அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, பெட்டி விசிறிகளின் இணைப்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு இயக்கிக் கேளுங்கள். பிராசஸர் விசிறியை மட்டும் தொடவே வேண்டாம். ஒரே அளவு இரையும் இரண்டு விசிறிகளில் ஒன்றை நிறுத்தினால் 3 டெசிபெல்தான் குறையும். வேகத்தைப் பாதியாக்கினாலோ ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். ஆகவே வேகத்தைக் குறைப்பதே வழி. முதலில் ஹீட் சிங்க்கில் (பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகத்தில்) அடைந்த தூசியைத் தூரிகையால் எடுங்கள். வானம் பார்த்த வளவு (முற்றம்) உள்ள வீட்டில் தூசி சீக்கிரம் சேரும். பிறகு பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) விசிறி வேகத்தைக் குறைத்து, வெப்பநிலையையும் கவனியுங்கள்.

ரீங்காரம் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்குடையது. பெட்டியை உள்ளங்கையால் அழுத்தும்போது அடங்கினால், அதிர்வு தகட்டுக்குப் பரவுகிறது என்று பொருள். டிஸ்க்கின் திருகுகளை இறுக்குங்கள். பெட்டியை ஆத்தங்குடிக் கல் தரையில் நேரடியாக வைக்காமல் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு வையுங்கள். அடிப்பக்கக் காற்றுத் துளை அடைபடக் கூடாது. வழவழப்பான சுண்ணாம்புச் சுவர் சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பும். ஒரு முழமாவது தள்ளி வையுங்கள்.

'டக் டக்' என்று டிஸ்க் தட்டினால் மட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கோப்புகளை அன்றே நகலெடுத்துவிடுங்கள்.