டம்ளரின் வாயில் ஒரு சவ்வு

கேள்வி: எனக்கு 43 வயது. கணக்குப் பிரிவில் வேலை. ஐந்து வயது மகன் சோப்பு நுரையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். எனக்கோ எதைப் பார்த்தாலும் ‘சரி, இருக்கட்டும்’ என்றுதான் தோன்றுகிறது. மனசைத் திருப்பலாம் என்று ஓவிய நோட்டும் வர்ணப் பெட்டியும் வாங்கினேன். மாதக்கணக்காக முதல் பக்கம் காலியாகக் கிடக்கிறது. கற்பனையெல்லாம் வயசோடு போய்விடுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: போகாது அம்மா. வர்ணப் பெட்டி கொஞ்ச நாள் அலமாரியிலேயே இருக்கட்டும். முதலில் உங்கள் பையன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஒரு டம்ளரின் வாயைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, படுக்கைவாக்கில் பிடியுங்கள். வாயில் மெல்லிய சவ்வு நிற்கும். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிற கோணம் கிடைத்ததும் ஆடாமல் பாருங்கள். இளஞ்சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாகக் கீழே இறங்கும். தண்ணீர் வடிய வடிய மேல்பக்கம் மெலிகிறது, நிறம் மாறிக்கொண்டே போகிறது. கடைசியில் மேல் விளிம்பில் நிறமே இல்லாமல் கறுப்பாக ஒரு பட்டை வரும். ஓட்டை விழுந்துவிட்டது என்றே நினைப்பீர்கள். சவ்வு அங்கேயேதான் இருக்கிறது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப முடியாத அளவுக்கு மெலிந்துவிட்டது. அப்புறம் எந்த நொடியிலும் உடையும். உங்கள் மகன் அரை மணி நேரம் எதற்காகக் காத்திருக்கிறான் என்று இப்போது புரிந்திருக்கும்.

நாம் ‘சோப்பு நுரை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தெரிந்த பொருள் என்றானதும் கண் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் சாலையைக் கடக்க முடியாது.

வயசைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 1921-இல் கப்பலில் வந்துகொண்டிருந்த சி.வி. ராமனுக்கு வயது 32. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தார். எந்தக் குழந்தையும் கேட்கிற கேள்வி. வானத்தின் நிறம்தான் தண்ணீரில் தெரிகிறது என்று பெரிய இயற்பியல் அறிஞரான ராலே பிரபுவே சொல்லியிருந்தார், அதோடு விட்டிருக்கலாம். ராமன் கைவசம் இருந்த நிக்கோல் பட்டகத்தை (ஒளியை வடிகட்டுகிற ஒரு படிகத் துண்டு) எடுத்து, கடலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத் தடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. அங்கே பிடித்த நூலிழை 1928-இல் ராமன் விளைவு வரைக்கும் போனது: ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது என்ற கண்டுபிடிப்பு. இன்னொன்று: 1907-இலிருந்து 1917 வரை பத்து வருஷம் அவரும் உங்களைப் போலக் கணக்குத் துறை அதிகாரிதான். ஆராய்ச்சியெல்லாம் ஆபீசுக்கு முன்னும் பின்னும். உங்களை நோபல் பரிசு வாங்கச் சொல்லவில்லை. கணக்குப் பிரிவைச் சாக்காகச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இனி நோட்டு. முதல் பக்கம் மிரட்டுகிறதா? நடுப்பக்கத்தைத் திறங்கள். இடது கையை மேசைமேல் வைத்து, அதன் ஓரத்தைக் கண்ணால் தடவிக்கொண்டே பென்சிலை நகர்த்துங்கள், மிக மெதுவாக. நோட்டைப் பார்க்கக் கூடாது. விரல்கள் ஆளுக்கொரு திசையில் போகும், சுண்டு விரல் மணிக்கட்டில் முளைக்கும். ஆனால் கட்டைவிரல் மடிப்பில் இருக்கும் சுருக்கங்களை மட்டும் உற்றுப் பாருங்கள்: இத்தனை வருஷம் கூடவே இருந்தும் நீங்கள் கவனிக்காதவை. ஓவியம் சொல்லித் தருகிறவர்களின் பழைய பயிற்சி இது. நன்றாக வரவே வராது என்பதுதான் இதில் இருக்கும் பெரிய சௌகரியம்.

வரைந்ததைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். போட்டால் அடுத்த படத்தை லைக்குக்காக வரைவீர்கள், மறுபடியும் பக்கம் காலியாகிவிடும்.

கேள்வி: என் கணவர் போனைவிட்டு நிமிர்வதே இல்லை. அவருக்கும் இந்த மாதிரி ஆர்வம் வர வழி உண்டா?
– இன்னொரு வாசகி

பதில்: போனைப் பிடுங்க வேண்டாம். திரை வெள்ளையாக இருக்கும்போது அதன்மேல் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டே பூதக்கண்ணாடியாகிவிடும், உள்ளே சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்தான் இருக்கும், வெள்ளை எங்கேயும் இருக்காது. அவர் முதலில் கத்துவார். கத்தி முடித்ததும் காட்டுங்கள்.